ஒரு வாசலை மட்டும் பூட்டினா போதுமா பாஸ்?

எங்க ஊர் திருவிடைமருதூர் மகாலிங்க சுவாமி கோயிலுக்கு வந்திருக்கீங்களா ஃப்ரெண்ட்ஸ்? கிழக்கு வாசல் வழியா உள்ளே போனா, அதே வழியா திரும்பி வரக்கூடாது. வரகுண பாண்டியனைத் துரத்தி வந்த பிரம்மஹத்தி கிழக்கு வாசல்லயே காத்துக்கிட்டு நிக்க, ராஜா வேற வாசல் வழியா எஸ்கேப் ஆயிட்டார்னு தலபுராணம் சொல்லுது. ஒரு வாசலை மட்டும் காவல் காத்தா இதான் கதி! இதே விஷயத்துல 30,000 டாலர் பரிசு வாங்கினார் ஒரு சென்னைக்காரர்.

பேர் லக்ஷ்மண் முத்தையா. வருஷம் 2019. இன்ஸ்டாகிராம்ல பாஸ்வேர்டு மறந்துட்டா மொபைலுக்கு ஆறு இலக்க எண் வருமில்லையா? அதோட ஆயுள் பத்தே நிமிஷம். மொத்தம் பத்து லட்சம் எண்கள்தான் சாத்தியம். எல்லாத்தையும் போட்டுப் பார்த்தா ஏதாவது ஒண்ணு திறந்தே ஆகணும். அதனால, ஒரே இடத்துலேருந்து நிறைய தடவை முயற்சி பண்ணினா கதவைச் சாத்திடுவாங்க.

லக்ஷ்மண் என்ன பண்ணார்? ஆயிரம் ஐ.பி. முகவரிகள்லேருந்து, ஒரே நேரத்துல, ரெண்டு லட்சம் எண்களை அனுப்பினார். தடையே இல்லை! காவல்காரர் வாசல் வாசலா எண்ணிக்கிட்டு இருந்தாரே தவிர, மொத்தக் கூட்டத்தை எண்ணலை. ஐயாயிரம் முகவரி இருந்தா பத்து லட்சத்தையும் முடிச்சிடலாம். கிளவுட் வாடகை சுமார் 150 டாலர்தான்னு கணக்கும் போட்டார். அப்புறம், யார் அக்கவுண்டையும் திருடாம ஃபேஸ்புக்குக்கு எழுதினார். ஓட்டை அடைபட்டுது, பரிசு வந்துது. 2021-ல மைக்ரோசாஃப்ட் அக்கவுண்ட்லயும் இதே ரக ஓட்டை. பரிசு 50,000 டாலர்!

'ஓட்டையெல்லாம் பெரிய கம்பெனி சமாச்சாரம்'னு நினைச்சுடாதீங்க. போன செமஸ்டர்ல என் மினி புராஜெக்ட்டுக்கு நாலு இலக்க ஓ.டி.பி. வெச்சேன். எத்தனை தடவை தப்பா போட்டா நிறுத்தணும்னு எழுதவே மறந்துட்டேன். என் பர்மிஷனோட ரூம்மேட் ஒரு குட்டி புரோகிராம் எழுதினான். டீ ஆறுறதுக்குள்ள உள்ளே வந்துட்டான்!

அந்த 'பர்மிஷன்'தான் முக்கியம். அடுத்தவங்க கம்ப்யூட்டர்ல அனுமதி இல்லாம, நேர்மையில்லாத அல்லது மோசடி நோக்கத்தோட கைவெச்சா, தகவல் தொழில்நுட்பச் சட்டம் 66-வது பிரிவுப்படி மூணு வருஷம் வரை ஜெயில் அல்லது அஞ்சு லட்சம் வரை அபராதம், இல்லேன்னா ரெண்டுமே. நோண்டணுமா? உங்க சொந்த லேப்டாப், சொந்த புராஜெக்ட், இல்லேன்னா பரிசு அறிவிச்ச கம்பெனி சொல்ற எல்லைக்குள்ள நோண்டுங்க.

இன்னிக்கு ராத்திரியே உங்க புராஜெக்ட்டைத் திறங்க. தப்பான முயற்சிகளை ஒவ்வொரு அக்கவுண்டுக்கும் எண்ணுதா, இல்லை வாசலுக்கு மட்டும் எண்ணுதான்னு பாருங்க. கிழக்கு வாசல் மட்டும் பூட்டியிருந்தா, மீதி வாசலையும் பூட்டிட்டுத் தூங்குங்க!