விற்பனைப் பண நிறுத்திவைப்பு

விற்பனைப் பண நிறுத்திவைப்பு என்பது, இணையச் சந்தையில் பொருளை வாங்குபவர் செலுத்திய பணத்தை விற்றவருக்கு உடனே விடுவிக்காமல், இடையிலுள்ள பணப்பரிமாற்ற நிறுவனம் சிலகாலம் தன்னிடமே வைத்திருப்பதைக் குறிக்கும். கைக்கடிகாரம், நகை, பழைய நாணயம் போன்ற விலையுயர்ந்த பொருட்களைப் புதிதாக விற்க வருபவர்கள் இதனை அதிகம் எதிர்கொள்கின்றனர்.

காரணம்

கடனட்டை மூலம் பணம் செலுத்தியவர், பொருள் வந்து சேரவில்லை என வங்கியிடம் முறையிட்டுப் பணத்தைத் திரும்பப் பெற இயலும். விற்றவர் அதற்குள் பணத்தை எடுத்துச் சென்றுவிட்டால் இழப்பு இடைநிலை நிறுவனத்தின் தலையில் விழும். எனவே பேபால் நிறுவனம் புதிய விற்பனையாளரின் பணத்தை 21 நாட்கள் வரை நிறுத்திவைப்பதுண்டு. கணக்கே முடக்கப்படின் இது 180 நாட்கள் வரை நீளலாம். வாங்கியவர் பேபாலில் முறையிடுவதற்கான எல்லையும் 180 நாட்களே என்பது கவனிக்கத்தக்கது.

விடுவித்தல்

பொருளை அனுப்பியபின் அதன் தடமறியும் எண்ணைக் கணக்கில் பதிந்தால், பணம் பெரும்பாலும் முன்னதாகவே விடுவிக்கப்படும். 750 அமெரிக்க டாலரும் அதற்கு மேலும் மதிப்புடைய பொருட்களுக்குப் பெறுநரின் கையொப்பச் சான்றும் தேவை. இஃதில்லையேல் விற்பனையாளர் பாதுகாப்பு கிடைக்காது.

போலி நிறுத்திவைப்பு

இந்நடைமுறையை மோசடியாளர்களும் பயன்படுத்துகின்றனர். "பணம் வந்துவிட்டது, தடமறியும் எண்ணைத் தந்தால் விடுவிப்போம்" என நிறுவனத்தின் பெயரில் போலி மின்னஞ்சல் வரும். அதனை நம்பிப் பொருளை அனுப்பியவருக்குப் பொருளுமில்லை, பணமுமில்லை. உண்மையாக நிறுத்திவைக்கப்பட்ட தொகை விற்பவரின் கணக்கிலேயே நிலுவையாகக் காட்டப்படும். மின்னஞ்சலிலுள்ள இணைப்பைச் சொடுக்காது, நிறுவனத்தின் தளத்தில் நேரடியாகப் புகுபதிகை செய்து இதனைச் சரிபார்க்கலாம்.