அடகுச் சீட்டில் தேதியைப் பார்த்தீர்களா?

அடகுக் கடைக்குப் போய் வந்தவரிடம் "எவ்வளவு கொடுத்தார்கள்?" என்று கேட்டால் சட்டென்று பதில் வரும். வட்டி எவ்வளவு என்றாலும் பெரும்பாலும் சொல்லிவிடுவார். "நகையை மீட்காவிட்டால் என்ன ஆகும்?" என்று கேட்டுப் பாருங்கள். நான் கேட்ட பலர் சொன்ன பதில், "ஏலத்துக்குப் போகும்" என்பதுதான். "கடனும் வட்டியும் போக மிச்சம் இருந்தால் நமக்குத் தருவார்கள்" என்று சிலர் சேர்த்தும் சொன்னார்கள்.

சிங்கப்பூரைப் பொறுத்தவரை அது பழைய கதை. 2015ஆம் ஆண்டு நடப்புக்கு வந்த அடகுக் கடைக்காரர்கள் சட்டம், அந்த ஏல முறையை எடுத்துவிட்டது. மீட்புக் காலம் முடிந்தும் மீட்கப்படாத பொருள் இப்போது அடகுக் கடைக்கே சொந்தம். ஏலம் இல்லை. ஏலம் இல்லாததால் மிச்சமும் இல்லை. சட்டம் மாறிப் பத்தாண்டுகளுக்கு மேலாகியும் நம் வீடுகளில் இந்தச் செய்தி முழுதாக வந்து சேரவில்லை.

இதைப் பற்றி எழுத வேண்டும் என்று தோன்றியதற்கு ஒரு நேயர் காரணம். வானொலியில் சேமிப்பு, செலவு என்று பேசும் நாள்களில் குறுஞ்செய்திகள் குவியும். அடகு என்ற சொல் வந்துவிட்டால் மட்டும் செய்தியின் கடைசியில் ஒரு வரி ஒட்டிக்கொள்ளும்: "பேரைச் சொல்லிடாதீங்க." அந்த நேயரும் அப்படித்தான் எழுதியிருந்தார். தாயாரின் மருத்துவச் செலவுக்காகத் தன் திருமணச் சங்கிலியை அடகு வைத்திருக்கிறார். மாதங்கள் ஓடியதே தெரியவில்லை. பணத்தைத் திரட்டிக்கொண்டு கடைக்குப் போனபோது கெடு முடிந்து மூன்று வாரமாகியிருந்தது. "மிச்சப் பணமாவது கொடுங்கள் என்று கேட்டேன். அப்படி எதுவும் இல்லை என்கிறார்கள். ஏமாற்றுகிறார்களா?" என்பது அவர் கேள்வி.

ஏமாற்றவில்லை. கடைக்காரர் சட்டப்படிதான் நடந்திருக்கிறார். அதுதான் மனத்தை அதிகம் உறுத்தியது.

அன்று படிக்க முடியாத சீட்டு

சிங்கப்பூரில் அடகுத் தொழில் ஆங்கிலேயர் காலத்திலேயே வேரூன்றியது. கள், அபின் போல அடகுத் தொழில் நடத்தும் உரிமையையும் அன்றைய அரசு குத்தகைக்கு விட்டு வருமானம் பார்த்தது. 1872ல் தொடங்கிய ஷெங் ஹெ டாங்கைத்தான் இங்குள்ள முதல் அடகுக் கடை என்கிறார்கள். ஹக்கா சமூகத்தார் பல தலைமுறைகளாக இத்தொழிலில் ஓங்கி நின்றார்கள்.

அந்தக் காலத்துக் கடைகளில் முகப்பு உயரமாக இருக்கும். கம்பிக்குப் பின்னால் இருப்பவரிடம் அண்ணாந்து பார்த்துத்தான் நகையை நீட்ட வேண்டும். சீட்டை எழுதும் சீன எழுத்து, தொழிலில் இருப்பவர்களுக்கு மட்டுமே விளங்கும் சுருக்கெழுத்து. சீனர்களுக்கே புரியாத அந்தச் சீட்டு நம் பாட்டிமார்களுக்கு எப்படிப் புரிந்திருக்கும்? கடைக்காரர் வாய்மொழியாகச் சொன்னதை நம்பி முந்தானையில் முடிந்துகொண்டு வந்தார்கள்.

இன்று நிலைமை தலைகீழ். 2012, 2013ஆம் ஆண்டுகளில் அடகு நிறுவனங்கள் சிங்கப்பூர்ப் பங்குச் சந்தையிலேயே பட்டியலிடப்பட்டன. தேக்காவிலும் வீவக பேட்டை மையங்களிலும் உள்ள கடைகள் நகைக்கடை போலவே பளபளக்கின்றன. சீட்டு ஆங்கிலத்தில் அச்சாகி வருகிறது. கடன் தொகை, வட்டி, மீட்க வேண்டிய தேதி எல்லாம் அதில் இருக்கின்றன. பொருளின் மதிப்பு எவ்வளவு என்று கடைக்காரர் கணித்ததையும் காட்டியாக வேண்டும் என்று 2015ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. ஏலத்தை எடுத்த அதே சட்டம்தான் இந்த மதிப்பீட்டையும் நம் கையில் கொடுத்தது. பாட்டியால் படிக்க முடியவில்லை. நம்மால் முடியும், ஆனால் மடித்துக் கைப்பையில் வைத்துவிடுகிறோம்.

உரிமம் எதற்கு?

சிங்கப்பூரில் யார் வேண்டுமானாலும் அடகு பிடிக்க முடியாது. சட்ட அமைச்சின்கீழ் இயங்கும் பதிவாளரிடம் உரிமம் பெற வேண்டும். போதிய மூலதனம் இருப்பதைக் காட்ட வேண்டும். வட்டி மாதத்துக்கு 1.5 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது. மீட்பதற்குக் குறைந்தது ஆறு மாத அவகாசம் தர வேண்டும். முதல் மாதத்துக்கு 1 விழுக்காடு போதும் என்று விளம்பரம் செய்யும் கடைகளும் உண்டு.

மற்ற கடன்களோடு ஒப்பிட்டால் இது மலிவுதான். உரிமம் பெற்ற கடன் கொடுப்போர் மாதம் 4 விழுக்காடு வரை வட்டி வாங்கலாம். நிர்வாகக் கட்டணம் தனி. கடன்பற்று அட்டையில் நிலுவை வைத்தால் ஆண்டு வட்டி 25 விழுக்காட்டைத் தாண்டிவிடும். அடகில் அதிகபட்சமே ஆண்டுக்கு 18 விழுக்காடு. இன்னொரு நிம்மதியும் உண்டு. கடனைக் கட்ட முடியாவிட்டால் நகை போகும், அவ்வளவுதான். வீட்டு வாசலில் வந்து நின்று யாரும் மிரட்டமாட்டார்கள். ஆகவே அவசரத்துக்கு அடகுக் கடைப் படியேறுவதில் தவறு ஒன்றுமில்லை. சட்டவிரோதமாகக் கடன் கொடுப்பவரிடம் போய்ச் சிக்குவதைவிட இது ஆயிரம் மடங்கு மேல்.

ஒரு சின்னக் கணக்கு

சிக்கல் எங்கே என்றால், அந்த "அவ்வளவுதான்" என்பதில்தான். ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம்.

உங்கள் சங்கிலியைக் கடையில் 5,000 வெள்ளி என்று மதிப்பிடுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். நீங்கள் 3,500 வெள்ளி கடன் வாங்குகிறீர்கள். 1.5 விழுக்காட்டில் மாத வட்டி 52 வெள்ளி 50 காசு. ஆறு மாதத்துக்கு 315 வெள்ளி. மீட்கக் கட்ட வேண்டியது 3,815 வெள்ளி.

தேதியைத் தவறவிட்டால்? 3,815 வெள்ளிக் கணக்கை முடிக்க 5,000 வெள்ளிப் பொருளைக் கொடுத்ததாக ஆகிறது. இழப்பு 1,185 வெள்ளி. அந்த ஆறு மாதத்தில் தங்கம் 20 விழுக்காடு ஏறியிருந்தால் சங்கிலியின் மதிப்பு 6,000 வெள்ளி. இழப்பு 2,185 வெள்ளியாகிவிடும்.

தங்கம் அப்படியெல்லாம் ஏறுமா என்று கேட்காதீர்கள். 2025 மார்ச்சில் உலகச் சந்தையில் ஓர் அவுன்ஸ் தங்கம் முதன்முறையாக 3,000 அமெரிக்க டாலரைத் தாண்டியது. அக்டோபரில் 4,000 டாலரையும் தாண்டியது. ஓர் அடகுச் சீட்டின் ஆயுளைவிடச் சற்றே கூடுதலான காலத்தில் மூன்றில் ஒரு பங்கு ஏற்றம்.

இந்தக் கணக்கில் இன்னொரு பாடமும் இருக்கிறது. "கொஞ்சமாகத்தானே வாங்கினேன், பயமில்லை" என்று பலர் நினைக்கிறார்கள். 5,000 வெள்ளிச் சங்கிலியின்மேல் 800 வெள்ளி மட்டும் வாங்கியவர்தான் தேதியைத் தவறவிட்டால் அதிகம் இழக்கிறார். சின்னத் தேவைக்குச் சின்ன நகையைக் கொண்டுபோவதே புத்திசாலித்தனம்.

எல்லையைத் தாண்டினால் விதி வேறு

ஏலம் பற்றிய நம்பிக்கை நம்மிடையே இன்னும் நிலைத்திருப்பதற்குக் காரணம் உண்டு. ஜோகூர்ப் பாலத்தைத் தாண்டினால் அது இன்றும் உண்மை. மலேசியாவில் 1972ஆம் ஆண்டு அடகுக் கடைக்காரர்கள் சட்டப்படி வட்டி மாதம் 2 விழுக்காடு வரை போகலாம். வீடமைப்பு, ஊராட்சித் துறை அமைச்சு உரிமம் வழங்குகிறது. மீட்கப்படாத நகைகளில் சிறு தொகை அடகுகள் போக மற்றவை பொது ஏலத்துக்குத்தான் போக வேண்டும். தமிழ்நாட்டிலிருந்து வேலைக்கு வந்திருக்கும் நண்பர்களும் வங்கி நகைக்கடனில் பழகியவர்கள். அங்கே ஏலம் போனால் மிச்சத்தை வாடிக்கையாளரிடம் திருப்பித் தர வேண்டும் என்பது விதி. மாமா மலேசியாவில் சொன்னதும் அக்கா மதுரையில் சொன்னதும் அந்தந்த ஊருக்குச் சரி. சிராங்கூன் ரோட்டில் அடகு வைத்த நகைக்குச் சிங்கப்பூர்ச் சட்டம்தான்.

அடகு வேறு, விற்பனை வேறு

இப்போது "பழைய தங்கம் வாங்குகிறோம், கையில் ரொக்கம்" என்ற விளம்பரங்கள் கைப்பேசியைத் திறந்தாலே வருகின்றன. அடகு பிடிப்பதும் பழைய நகை வாங்குவதும் ஒரே கூரையின்கீழ் நடக்கும் கடைகளும் பல. கையெழுத்துப் போடுமுன் ஒரு விஷயத்தை உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள். கையில் கிடைப்பது மீட்புத் தேதி போட்ட அடகுச் சீட்டா, விற்றதற்கான ரசீதா? விற்றுவிட்டால் திரும்பக் கேட்க முடியாது.

பழைய பொருள் வாங்கும் தொழிலையும் அரசு சும்மா விட்டுவிடவில்லை. திருட்டுப் பொருள் கைமாறும் இடம் அது என்பதே காரணம். 2017 ஜூலை 10ஆம் தேதி மூடப்படும் வரை சுங்கை ரோடு சந்தைக்குத் "திருடர் சந்தை" என்றே பட்டப்பெயர் இருந்தது நினைவிருக்கலாம். பழைய பொருள் வணிகர்களுக்கென்றே 2007ஆம் ஆண்டில் ஒரு சட்டம் வந்தது. 2019ஆம் ஆண்டில் வந்த மற்றொரு சட்டத்தின்படி, விலைமதிப்புள்ள உலோகங்களையும் கற்களையும் விற்று வாங்குவோர் சட்ட அமைச்சிடம் பதிந்திருக்க வேண்டும். 20,000 வெள்ளிக்கு மேல் ரொக்கமாகக் கைமாறினால் வாடிக்கையாளரின் விவரங்களைச் சரிபார்த்து அதிகாரிகளுக்குத் தெரிவிக்கவும் வேண்டும்.

அடையாள அட்டையைக் கேட்டால் முகம் சுளிக்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். "என் நகையை நான் விற்கிறேன், இவருக்கு என்ன?" என்பார்கள். நாளைக்கு உங்கள் வீட்டு வளையல் களவுபோய் எங்கோ ஒரு கடையில் வந்து நின்றால், கொண்டுவந்தவர் யார் என்பதை அந்தப் பதிவேடுதான் சொல்லும். கேட்காத கடையைக் கண்டுதான் பயப்பட வேண்டும்.

மறைத்து வைக்கும் சீட்டு

சட்டத்தைத் தெரிந்துகொண்டால் மட்டும் போதுமா? நம் குடும்பங்களில் அடகுச் சீட்டு இருக்கும் இடமே சிக்கல். அலமாரியில் பட்டுப் புடவைக்கு அடியில், சாமி மாடத்துப் படத்துக்குப் பின்னால், பழைய பிஸ்கட் டின்னுக்குள். மாமியாருக்குத் தெரியக் கூடாது, பிள்ளைகளுக்குத் தெரியக் கூடாது, சில வீடுகளில் கணவருக்கே தெரியக் கூடாது. ஒருவர் மட்டும் சுமக்கும் ரகசியத்தை ஒருவர் மட்டுமே நினைவில் வைத்திருக்க முடியும். அவருக்கு உடம்புக்கு முடியாமல் போனாலோ, ஊருக்குப் போயிருந்தாலோ தேதி ஓடிவிடும். குறுஞ்செய்தி அனுப்பிய நேயர் வீட்டிலும் நடந்தது அதுதான். கெடு முடிந்த வாரம் அவர் தாயாரோடு மருத்துவமனையில் இருந்தார். சீட்டு இருப்பது வேறு யாருக்கும் தெரியாது.

வெளியூராருக்குச் சொல்ல வேண்டாம். வீட்டில் நம்பிக்கையான ஒருவருக்குச் சொல்லுங்கள்.

கடைக்குப் போகுமுன்

கடையின் பெயர் சட்ட அமைச்சின் இணையப்பக்கத்தில் உள்ள உரிமம் பெற்றோர் பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள்.

நகை வாங்கிய விலையை மறந்துவிடுங்கள். செய்கூலி, சேதாரம், பொருள் சேவை வரி எதுவும் மதிப்பீட்டில் வராது. எடையும் தரமும்தான் கணக்கு. 916 தங்கம் என்றால் அதற்கான முத்திரை இருக்கிறதா என்று வீட்டிலேயே பார்த்துக்கொள்ளுங்கள். இரண்டு மூன்று கடைகளில் விசாரித்தால் வித்தியாசம் தெரியும்.

இரண்டு நகை வைத்தால் இரண்டு சீட்டாகக் கேளுங்கள். பணம் சேரச் சேர ஒவ்வொன்றாக மீட்கலாம். முழுத் தொகையும் புரளவில்லை என்றால் கெடுவுக்குள் போய் வட்டியைக் கட்டி, சீட்டைப் புதுப்பித்துக்கொள்ள முடியுமா என்று கேளுங்கள். கெடு முடிந்தபின் கேட்பதில் பயனில்லை. கட்டவே முடியாது என்று தெரிந்துவிட்டால், கெடுவுக்கு முன்பே குடும்பத்தில் பேசி, மீட்டு விற்க வழி உண்டா என்று பாருங்கள். நம் கணக்கில் வந்த அந்த 1,185 வெள்ளியில் ஒரு பகுதியாவது உங்கள் கைக்கு வரும்.

சீட்டு கிடைத்ததும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். மீட்புத் தேதிக்கு ஒரு மாதம் முன்பும் ஒரு வாரம் முன்பும் கைப்பேசியில் நினைவூட்டல் போடுங்கள். தொலைபேசி எண்ணோ முகவரியோ மாறினால் கடைக்குத் தெரிவியுங்கள். சீட்டு தொலைந்துவிட்டால் அன்றே போய்ச் சொல்லுங்கள்.

மாதாமாதம் அதே சங்கிலி கடைக்கும் வீட்டுக்குமாக நடந்துகொண்டிருந்தால், அது நகைப் பிரச்சினை அல்ல, வரவு செலவுப் பிரச்சினை. சிண்டாவையோ அருகிலுள்ள சமூக சேவை அலுவலகத்தையோ நாடுவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

இதைப் படித்து முடித்ததும் உங்கள் வீட்டில் சீட்டு ஏதேனும் இருந்தால் எடுத்துப் பாருங்கள். அம்மாவிடமும் ஒரு வார்த்தை கேளுங்கள். திட்டுவதற்காக இல்லை, தேதியைப் பார்ப்பதற்காக.