முல்லைப் பெரியாறும் முடிவு காணும் முறையும்

கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய் என்பர் நம் முன்னோர். விசாரித்தல் என்பது யாது? உண்மைகளைத் திரட்டி, அளந்து, ஒன்றோடொன்று ஒப்பிட்டுப் பார்த்தல். விஞ்ஞானத்தின் வேலையும் அதுவே. இதை விளக்க எங்கள் ஊரே போதும்.

வண்டிப்பெரியார், முல்லைப் பெரியாறு அணைக்குக் கீழே, ஆற்றங்கரையில் அமைந்த தேயிலைத் தோட்ட ஊர். அங்கே கொழுந்து பறிக்கும் தமிழ்த் தொழிலாளர் பலருக்குக் கம்பம், தேனிப் பக்கங்களில் உறவுண்டு. அணை நீர் பாய்வதும் அங்கேதான். அணை உடைந்தால் போவது எங்கள் உயிர். நீர் குறைந்தால் காய்வது எங்கள் உறவினர் வயல். ஆகவே, கட்சி கட்டிப் பேசுவது எங்களுக்குக் கட்டுபடியாகாது. உண்மை வேண்டும்.

பென்னிகுக் என்னும் பொறியாளர் சுண்ணாம்பும் சுர்க்கியும் சேர்ந்த சாந்தால் எழுப்பிய இவ்வணை 1895-இல் திறக்கப்பட்டது. “இத்தனை பழைய அணை நிற்குமா?” என்பர் ஒரு சாரார். “இத்தனை காலம் நின்றது இனி விழுமா?” என்பர் மறு சாரார். வயது என்னும் ஒரே உண்மையிலிருந்து எதிரெதிரான இரு முடிவுகள்! தனி உண்மை ஒன்று தீர்ப்பாகாது என்பது இதனால் விளங்கும்.

பின், எவற்றைப் பார்ப்பது? தன் எடையாலேயே நீரின் தள்ளுவிசையைத் தாங்கும் அணை இது. 1979-இல் அச்சம் எழவே, நீர்மட்டம் 136 அடியாகக் குறைக்கப்பட்டது. பிறகு உச்சியில் கான்கிரீட் பாரம் ஏற்றினர். எஃகு வடங்களால் பாறையோடு பிணைத்தனர். பின்புறம் கான்கிரீட் முட்டுக் கொடுத்தனர். ஆதலின் 1895-ஆம் ஆண்டு அணையை மட்டும் மனத்திற்கொண்டு வாதிடுவது பொருந்தாது.

அடுத்தது கசிவு. எந்தக் கல்லணையிலும் கசிவு உண்டு. நிமிஷத்துக்கு எத்தனை லிட்டர், அன்று நீர்மட்டம் எத்தனை அடி என்ற இரண்டையும் சேர்த்துச் சொன்னால்தான் அதற்குப் பொருள். ஒரே நீர்மட்டத்தில் ஆண்டுக்காண்டு கசிவு கூடினாலும், கலங்கி வந்தாலும் அஞ்சத்தான் வேண்டும். தெளிந்த நீரிலும் சுண்ணாம்பு கரைந்து வரலாம். அதையும் சோதித்தறிய வேண்டும்.

2011-இல் இடுக்கியில் நில அதிர்வுகள் உணரப்பட்டபோது வதந்தி பரவி, எல்லையின் இருபுறத்து எளியவரும் அல்லற்பட்டனர். நீதிபதி ஆனந்த் தலைமையிலான குழு ஆராய்ந்து 2012-இல் அறிக்கை தந்தது. 2014 மே 7-இல் உச்ச நீதிமன்றம் 142 அடி வரை தேக்க இசைந்தது. கூடவே மேற்பார்வைக் குழு ஒன்றையும் அமைத்தது. இப்பிற்பகுதியை மறக்கலாகாது. அன்றைய அளவுகள் அன்றைய முடிவுக்குத்தான். நாளைக்கு மீண்டும் அளக்க வேண்டும்.

அளவுகளே எல்லாவற்றையும் தீர்த்துவிடுமா? தீர்க்கா. எவ்வளவு ஆபத்தை எவர் தாங்குவது என்பது நியாயத்தைப் பற்றிய கேள்வி. அதில் அணையின் கீழ் வாழ்வோருக்கும் பேச உரிமை வேண்டும். அவர்கள் அறிந்து பேச, அளவுகள் அவர்கள் படிக்கும் மொழியில் அவர்கள் கைக்கு வந்து சேர வேண்டும்.

நண்பர்களே, அடுத்த மழையில் எவரேனும் “அணை போயிற்று” என்றாலும், “ஒன்றும் ஆகாது” என்றாலும், அளந்தது யார், எப்போது, எதைக்கொண்டு என்று கேளுங்கள். விடை வரும்வரை அச்செய்தியைப் பிறருக்குச் சொல்லாதிருங்கள்.