மார்ஷல் தம்பதியர்

பொருளியல் பயில்வோர் ஆல்பிரட் மார்ஷலின் பெயரை அறிவர். அவர் துணைவியார் மேரி பேலியை அறிந்தோர் சிலரே. கேம்பிரிட்ஜில் மார்ஷலிடம் பாடங்கேட்ட மேரி, 1874-இல் ஆடவருக்குரிய தேர்வை எழுதித் திறம் காட்டினார். எனினும், பெண் என்பதால் பட்டம் மறுக்கப்பட்டது.

1877-இல் இருவரும் மணந்தனர். மணமானவர் கல்லூரிச் சிறப்புறுப்பினராய் நீடிக்கலாகாது என்பது அக்கால விதி. ஆதலின் மார்ஷல் அப்பதவியைத் துறந்து பிரிஸ்டல் நகர் சென்றார். அங்கே மேரியும் பொருளியல் கற்பித்தார். 1879-இல் இருவர் பெயரையும் தாங்கி ‘தொழில்துறைப் பொருளியல்’ வெளிவந்தது. அதனை எழுதுமாறு முதலில் வேண்டப்பட்டவர் மேரியே! பின்னாளில் மார்ஷல் அந்நூலை வழக்கிலிருந்து விலக்கி, 1892-இல் அதனிடத்தில் தம் பெயரை மட்டும் தாங்கிய வேறொரு நூலை வெளியிட்டார். பெண்களுக்குப் பட்டமளிப்பதையும் அவர் 1896-இல் எதிர்த்தார். தம் மாணவியையே வாழ்க்கைத் துணையாகவும் நூல் துணையாகவும் கொண்டவர் இவ்வாறு செய்தது, பல்லாண்டு ஆசிரியப் பணி புரிந்த எனக்கு இன்றும் விளங்கவில்லை.

1924-இல் கணவர் மறைந்தார். அவர் பெயர் கொண்ட நூலகத்தில் மேரி ஏறத்தாழ 20 ஆண்டுகள் பணிபுரிந்தார். முதுமையிலும் மிதிவண்டியில்தான் வருவாராம். 1944-இல் அவர் காலமானார். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் பெண்களுக்கு முழுமையான பட்டம் வழங்கத் தொடங்கியது 1948-இல்.