ஆணா, பெண்ணா? நொடியில் மூளை கணிப்பது எப்படி?

எதிரே வருபவர் ஆணா, பெண்ணா என்பதை எவரும் ஆராய்ந்து முடிவு செய்வதில்லை. நடை, முகம், குரல் ஆகியவற்றிலுள்ள நுண்ணிய வேறுபாடுகளைக் கொண்டு மூளை கண நேரத்தில் கணித்துவிடுகிறது. எதை வைத்து அறிந்தீர்கள் எனக் கேட்டால், பெரும்பாலானோரால் தெளிவாகக் கூற இயலாது.

ஸ்வீடன் உளவியலாளர் குன்னர் யோஹான்சன் 1973-ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வு இதற்கு அடித்தளமிட்டது. உடலின் முக்கிய மூட்டுகளில் ஒளிப்புள்ளிகளைப் பொருத்தி, இருளில் நடப்பவர்களை அவர் படம்பிடித்தார். அசையாதபோது பொருளற்றுத் தோன்றிய புள்ளிகள், அசைந்ததும் மனித நடையாகத் தெரிந்தன. இதே முறையைப் பின்பற்றி அமெரிக்க ஆய்வாளர்கள் கோஸ்லோவ்ஸ்கி, கட்டிங் ஆகியோர் 1977-இல் நடத்திய சோதனையில், நடப்பவரின் பாலினத்தையும் பார்வையாளர்கள் கணித்தனர். விடைகள் அனைத்தும் சரியாக இல்லாவிடினும், குத்துமதிப்பான ஊகத்தைவிடத் துல்லியமாக இருந்தன. நடக்கையில் ஆண்களுக்குத் தோள் அசைவும், பெண்களுக்கு இடுப்பு அசைவும் சற்று மிகுதியாக இருப்பதே இதற்கு முக்கியக் காரணம்.

முகத்தில் தாடை, புருவ எலும்பு, புருவத்தின் அடர்த்தி ஆகியவை குறிப்புகளாகின்றன. கண், உதடு ஆகியவற்றுக்கும் சுற்றியுள்ள தோலுக்கும் இடையிலான நிற வேறுபாடு பெண்களிடம் சராசரியாக அதிகம் என்பதை உளவியலாளர் ரிச்சர்ட் ரஸ்ஸல் 2009-இல் விளக்கினார். ஒரே முகத்தின் படத்தில் இந்த வேறுபாட்டைக் கூட்டினால் பெண்ணாகவும், குறைத்தால் ஆணாகவும் தோன்றுகிறது. கண் மையும் உதட்டுச் சாயமும் இந்த வேறுபாட்டையே மிகைப்படுத்துகின்றன.

பருவமடையும்போது ஆண்களின் குரல் நாண்கள் நீண்டு தடிக்கின்றன. இதனால் அவர்களது குரல் அதிர்வெண் சராசரியாகச் சுமார் 120 ஹெர்ட்ஸாகவும், பெண்களுடையது சுமார் 200 ஹெர்ட்ஸாகவும் உள்ளது. சிறுவர், சிறுமியரிடம் இந்த இடைவெளி குறைவு என்பதால், தொலைபேசியில் அவர்களது குரலைப் பிரித்தறிவது கடினம்.

இவை யாவும் சராசரி வேறுபாடுகளே. இரு பாலினரின் அளவுகளும் ஓரளவு ஒன்றுடன் ஒன்று கலப்பதால், தோற்றத்தைக் கொண்டு எடுக்கும் முடிவு பிழையாகக்கூடும். கணினிகளும் இதற்கு விலக்கல்ல. முகத்தைக் கொண்டு பாலினத்தைக் கணிக்கும் வணிக மென்பொருள்கள் குறித்து 2018-இல் அமெரிக்காவில் வெளியான ஆய்வில், வெளிர் நிற ஆண்கள் விஷயத்தில் பிழை அதிகபட்சம் 0.8 சதவீதமாக இருந்தது. கருநிறப் பெண்கள் விஷயத்தில் அது 34.7 சதவீதம் வரை உயர்ந்தது.

இத்தகைய பிழையால் அதிகம் பாதிக்கப்படுவோரில் திருநர்களும் அடங்குவர். தமது பாலின அடையாளத்தைத் தாமே தீர்மானிக்கும் உரிமை அவர்களுக்கு உண்டு என உச்ச நீதிமன்றம் 2014 ஏப்ரல் 15-ஆம் தேதி தீர்ப்பளித்தது. கண நேரத்தில் மூளை அளிப்பது ஓர் ஊகம் மட்டுமே. ஒருவரின் அடையாளத்தை உறுதி செய்யும் சான்று அல்ல.