சுடாத கதிர், சூடாகும் தோல்

மார்பகப் புற்றுநோய்க் கட்டியை அறுவை செய்து அகற்றிய பின், எஞ்சியிருக்கக் கூடிய புற்றணுக்களை அழிப்பதற்காக எக்ஸ் கதிர்ச் சிகிச்சை தருவது வழக்கம். சில வாரங்களில் அவ்விடத்துத் தோல் சிவந்து, தொட்டால் சுடுகிறது. ‘கதிர் சுட்டுவிட்டது’ என்பார்கள் வீட்டிலுள்ளோர். உண்மையில் கதிர்தான் சுட்டதா? கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

ஒரு கிலோகிராம் திசு ஒரு ஜூல் ஆற்றலை ஏற்குமானால் அந்தக் கதிரளவை ஒரு கிரே என்கிறோம். இந்நாளில் பல நாடுகளில் 40 கிரே அளவை 15 தவணைகளாகப் பிரித்து, மூன்று வாரங்களில் கொடுக்கிறார்கள். ஒரு கிலோகிராம் திசுவை ஒரு டிகிரி சூடாக்க ஏறக்குறைய 3,500 ஜூல் தேவை. 40-ஐ 3,500-ஆல் வகுத்துப் பாருங்கள். 15 தவணைகளையும் ஒரே நொடியில் கொட்டினாலும் வெப்பநிலை ஒரு டிகிரியில் நூறில் ஒரு பங்குதான் உயரும்! ஒரு மிடறு சூடான காப்பி இதைவிடப் பல மடங்கு வெப்பத்தை உடலுக்குள் கொண்டு செல்கிறது.

அப்படியானால் அந்தச் சூடு எங்கிருந்து வந்தது? இரத்தத்திலிருந்து. கதிரின் ஆற்றல் சிறிதே எனினும், அது செல்லின் மரபுப் பொருளான டி.என்.ஏ. இழைகளை அறுத்துவிடுகிறது. காயமுற்ற திசு சில வேதிப் பொருள்களைச் சுரக்க, நுண்ணிய இரத்தக் குழாய்கள் விரிகின்றன. உடலின் உட்பகுதியிலிருந்து வெதுவெதுப்பான இரத்தம் மிகுதியாகத் தோலுக்கு வருகிறது. அழற்சி என்பது இதுவே.

இதை அளக்க வெப்பப்படக் கருவி உதவுகிறது. 1800-ஆம் ஆண்டில் வில்லியம் ஹெர்ஷல் கண்டறிந்த அகச்சிவப்புக் கதிர்களே இதற்கு அடிப்படை. 33 டிகிரி செல்சியஸ், அதாவது 306 கெல்வின் வெப்பநிலையுள்ள தோல், ஏறத்தாழ 9.5 மைக்ரான் அலைநீளத்தில் மிகுதியாக ஒளிர்கிறது. நம் கண்ணுக்கு அது புலப்படாது. சாதாரணக் கண்ணாடியும் அதை ஊடுருவ விடாது; எனவே இக்கருவியின் வில்லையைப் பெரும்பாலும் ஜெர்மானியத்தால் செய்கிறார்கள். தோல் ஒரு டிகிரி சூடேறினால், ஸ்டீபனின் நான்காம் அடுக்கு விதிப்படி, அது வீசும் ஆற்றல் 1.3 சதவீதம் கூடும். ஒரு டிகிரியில் இருபதில் ஒரு பங்கு வேறுபாட்டைக் கூட நல்ல கருவிகள் பிரித்தறியும்.

ஆனால் மனிதத் தோல் ஆய்வுக்கூடத்து உலோகத் தகடு அன்று. வெயில், மின்விசிறி, பூசிய களிம்பு, அருந்திய தேநீர் எல்லாம் அதன் வெப்பநிலையை மாற்றிவிடும். ஆகவே நோயாளியைக் காற்றோட்டமில்லாத, 22 டிகிரி அளவிலான அறையில் கால் மணி நேரம் அமரச் செய்த பிறகே படம் எடுக்கிறார்கள். சிகிச்சை பெறாத மறு மார்பகமே ஒப்பீட்டு அளவுகோல். வேறொரு பெண்ணோடு ஒப்பிட்டுப் பயனில்லை.

அழற்சி தணிந்த பின் என்ன ஆகிறது என்பதே சுவையான கேள்வி. போலந்து ஆய்வாளர்கள் 2022-இல் வெளியிட்ட ஆய்வு, சிகிச்சைக்குப் பிந்திய மாதங்களிலும் இவ்வெப்பநிலையைத் தொடர்ந்து கவனித்தது. சிலருக்குத் தோலின் மேற்பரப்பில் குழாய்கள் நிரந்தரமாக விரிந்து, சிலந்தி வலை போலத் தெரியும்; இது சூட்டைக் கூட்டக்கூடும். சிலருக்குத் திசு நார்நாராக இறுகிவிடும். இரத்த ஓட்டம் குறைந்து சூடும் குறையலாம். இரண்டும் ஒரே இடத்தில் நேர்ந்தால், படம் ஒன்றுமே நடவாதது போலக் காட்டவும் கூடும்!

இன்னொரு சிக்கலும் உண்டு. புற்றுநோய்க் கட்டியின் மேலுள்ள தோலும் சூடாக இருக்கலாம் என்பதை 1956-இல் மான்ட்ரியல் மருத்துவர் ரே லாசன் எடுத்துக் காட்டினார். எனவே சிகிச்சை பெற்ற பெண்ணுக்கு, ‘இந்தச் சூடு பழைய காயத்தினுடையதா, நோய் திரும்பியதா?’ என்ற அச்சம் எழுவது இயல்பு. வெப்பப்படத்தால் மட்டும் இதற்கு விடை கூற இயலாது. அது காண்பது தோலின் மேற்பரப்பை மட்டுமே; உள்ளே இருப்பதை அறிய மார்பக எக்ஸ் கதிர்ப் படம் போன்ற சோதனைகள் வேண்டும். வெப்பப்படம் அதற்கு மாற்றாகாது என்று அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2011-இல் எச்சரித்தது.

காயத்தின் போக்கை அளக்கவோ இது நல்ல கருவி. ஆனால் அறுவை சிகிச்சையே தோலைச் சூடாக்கியிருக்கும் அல்லவா? ஆகையால் முதல் படத்தை, முதல் தவணைக் கதிர் படுவதற்கு முன்பே எடுத்து வைத்துவிட வேண்டும்.