சூரை மீன் வேட்டை

ஆண்டிமடம் கடல் காணா ஊர். ஆயினும் நெய்தல் மாந்தர் வாழ்வு நமக்கும் அயலன்று.

சூரை மீன் பிடிக்கும் முறை பல. மினிக்காய்த் தீவினர் உயிருள்ள சிறு மீன்களை இரையாகத் தூவித் தூண்டிற்கோலால் ஒவ்வொன்றாய்த் தூக்குவர். அதனை அவித்துப் புகையூட்டி உலர்த்தியதே மாசி. குமரி மாவட்டத்துத் தூத்தூர் மீனவர் ஆழ்கடலில் தூண்டில்கள் பல கோத்த நெடுங்கயிறு விடுவர். ஸ்பெயின், பிரான்சு நாட்டுக் கப்பல்களோ 1980-களிலிருந்து இந்தியப் பெருங்கடலில் சுருக்குவலையால் கூட்டத்தையே வளைக்கின்றன. பலரும் மிகுதியாய்ப் பிடித்தமையால், மஞ்சள் துடுப்புச் சூரைக்கு 2016-இல் பன்னாட்டு ஆணையம் வரம்பு கட்டிற்று.

பாக் நீரிணை இழுவைப் படகினர் ஆழ்கடற் சூரைப் படகு பெற 2017-இல் திட்டம் எழுந்தது. அப்போது 80 இலட்சம் விலையில் அரசுதவி நூற்றுக்கு 70. எஞ்சியதில் 16 இலட்சம் கடன், 8 இலட்சம் மீனவர் கைப்பொருள். மீன் அருகின் கடன் அடைவது எங்ஙனம்? கலிலேயாவில் இரவெல்லாம் வலைவீசி வெறுங்கையரான சீடர் துயரை நாம் அறிவோம். ஆதலின் கடலில் அளவறிந்து கொள்வதே அறம்; அதுவே மீனவர்க்கு முதலும் ஆம்.